அப்பா தூங்குகிற படம்

பல் செட்டைக் காணவில்லை. நெலிடா கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினாள். ஒற்றைச் செருப்பு கிடந்தது, காலி மருந்துப் புட்டி கிடந்தது, என்றோ உருண்டுபோய்க் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. பல் செட்டு மட்டும் இல்லை. எழுந்துபோய் அடுக்களைத் தட்டிலிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். கட்டில்மேல் அவளுடைய அப்பா சத்துர்னினோ, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியோடு, பல்வலிக்காரர் மாதிரி படுத்திருந்தார். விடிகாலையில் அடங்கிவிட்டார். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில், நகரத்தின் ஓரத்தில் அவர்கள் வீடிருந்த மலைமேல் பலருக்கும் வந்ததுதான் அவருக்கும் வந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார் சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்தவர். கையில் அப்பாவின் சட்டையை வைத்துக்கொண்டு நின்றார். "உடம்பு விறைச்சுக்கிட்டே வருது. அப்புறம் வாயைத் திறக்க முடியாது."

"பல்லு இல்லாம எங்கப்பா பெட்டிக்குள்ள போக மாட்டாரு."

"அவரா சொன்னாரு?"

நெலிடா பார்த்த பார்வையில் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

அப்பா வாழ்நாளெல்லாம் லீமா நகரத்தின் பெரிய காய்கறிச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியவர். வாலிபத்தில் லாரியிலிருந்து சரிந்த ஒரு மரப்பெட்டி முன்பல் அத்தனையையும் கொண்டுபோய்விட்டது. பிறகு வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அந்தப் பல் செட்டை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து பல் இல்லாத அப்பாவைத் தெருவில் ஒருத்தர் பார்த்ததில்லை. தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவார். யாராவது கதவைத் தட்டினால் முதலில் பல், அப்புறம்தான் தாழ்ப்பாள். பூமி அதிர்ந்தாலும் சத்துர்னினோ பல்லை மாட்டிக்கொண்டுதான் வெளியே ஓடி வருவார் என்று பக்கத்து வீட்டு இப்போலித்தோ கேலி செய்வார். அப்படி ஒருமுறை அதிர்ந்தபோது அவர் நிஜமாகவே அப்படித்தான் வந்தார்.

அந்த மனிதர் கடைசி இரண்டு மாதமாகப் பல்லை மாட்டவே இல்லை. பொக்கை வாயோடு தெருவில் நின்றார், பொக்கை வாயோடு ரொட்டி வாங்கப் போனார். "ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டால், "எல்லாரும்தான் பாத்தாச்சே" என்பார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தாலும் நெலிடாவுக்கு மனசு ஆறியிருக்கும். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

பழுப்பு நிறக் கோட்டை மாட்டும்போது சவப்பெட்டிக்காரரின் கை நின்றது. உள்பையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பிரித்தால் பல் செட்டு.

நெலிடா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். அந்த ஆள் தாடைத் துணியை அவிழ்த்தார். இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் பலமாக அழுத்திப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இதுக்குமேல போனா ஒடைஞ்சிரும்மா."

நெலிடா பல் செட்டை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றி, எடுத்த பையிலேயே வைத்தாள். இரண்டு மாதமாக இந்தக் கோட்டு இதே அலமாரியில்தான் தொங்கியது. தினமும் துணி எடுக்கத் திறக்கிற அலமாரி. அவளுக்குத் தன்மேலே வந்த கோபம் ஒரு நொடிகூட அங்கே தங்கவில்லை. நேரே தம்பிமேல் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பழக்கப்பட்ட இடம் அது.

தம்பி எல்மெர் போட்டோ எடுப்பவன். கல்யாணத்துக்கு, ஞானஸ்நானத்துக்கு எடுக்கிற போட்டோ இல்லை. நகரத்தை எடுக்கிறவன். பேருந்து நிறுத்தம், பாலத்தடி, சந்தை வாசல் என்று சுற்றுவான். இரண்டு மாதத்துக்கு முன்னால் கடலோரத்தில், பர்ரான்கோ என்ற பகுதியில், பழைய பணக்காரர் மாளிகை ஒன்றின் முற்றத்தில் அவனுடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு லாரியையே மூடுகிற அளவு. கோழிக்கடை விளம்பரத்துக்கும் தேர்தலுக்கும் அடிப்பார்களே, அதே பிளெக்ஸ் துணியில் அடித்திருந்தான். தெருவில் இருப்பவர்களின் படம் தெருத் துணியில்தான் இருக்க வேண்டுமாம். பத்திரிகையில்கூட அதைப் பாராட்டி எழுதினார்கள்.

"அப்பா, உங்க படமும் இருக்கு" என்று போனில் சொன்னான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. போன வருஷம் இதே பழுப்புக் கோட்டோடு, டை கட்டி, வீட்டு வாசலில் நிமிர்ந்து நிற்க வைத்து எல்மெர் நாலைந்து படம் எடுத்திருந்தான். அதுதான் என்று நினைத்துக்கொண்டார். தெரு முழுக்கச் சொல்லி, ஒரு வேனைப் பிடித்து, இப்போலித்தோவையும் சந்தைக் கூட்டாளிகளையும் ஏற்றிக்கொண்டு போனார். காலணிக்கு அவரே பாலீஷ் போட்டார்.

முற்றத்தில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அவர் தொங்கினார். உருளைக்கிழங்கு மூட்டைகளின்மேல் மல்லாந்து, கிழிந்த பனியனோடு, தலைக்கு மேலே கையைப் போட்டுக்கொண்டு, ஈ புகுந்தது தெரியாமல் வாயைத் திறந்தபடி தூங்கினார். அந்த வாயில் ஒரு ஆள் நுழைந்து வெளியே வரலாம். முன்னால் ஒரு பல்கூட இல்லை. பக்கத்துச் சுவர்களில் பேருந்து நடத்துனர் ஒருவர், காவல்காரர் ஒருவர், குழந்தையை மடியில் போட்ட பழக்காரி ஒருத்தி என்று எல்லோரும் தூங்கினார்கள். அவர்களெல்லாம் யாரோ. இவர் அப்பா.

கையில் ஒயின் கிண்ணத்தோடு வந்த ஒரு பெண்மணி அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கதானா அது? பல்லு இருக்கிறதால அடையாளமே தெரியல" என்றாள். கெட்டவள் இல்லை, அன்பாகத்தான் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தப் பெண்மணி கேட்டதற்காகப் படத்துக்கு முன்னால் போய் நின்றும் கொடுத்தார்.  வீட்டுக்கு வரும்போது வேனுக்குள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கைக்குட்டையை வாய்க்கு வைத்ததை நெலிடா பார்த்தாள். அழுகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்லைக் கழற்றியிருக்கிறார்.

"ஒரு போட்டோ கொடுங்கம்மா" என்றார் சவப்பெட்டிக்காரர். பெட்டியை முன்னறையில் வைத்து, ஊதா நிறத் திரையை மாட்டி, விளக்குகளை நட்டிருந்தார். "பெட்டிக்குப் பக்கத்துல வைக்கணும். வர்றவங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்க."

"இல்ல."

"அட, ஏதாச்சும் இருக்கும். உங்க தம்பி போட்டோக்காரர்னு சொன்னாங்களே."

"அதான் இல்ல."

கடைசியில் அடையாள அட்டையை எடுத்து வந்தாள். கட்டைவிரல் நகத்தளவு முகம். அதிலும் அரசாங்க முத்திரை ஒரு காதைத் தின்றிருந்தது. அதை மெழுகுவர்த்தியில் சாய்த்து வைத்தாள். ஊரில் கிடக்கிறவனையெல்லாம் பனைமர உயரத்துக்குப் படம் எடுக்கிறவன், சொந்த அப்பனுக்குச் சுவரில் மாட்ட ஒன்று போட்டுக் கொடுக்கவில்லை. கோட்டுப் போட்ட படம் என்னடா ஆச்சு என்று எத்தனை முறை கேட்டாயிற்று. கம்ப்யூட்டரில் எங்கேயோ இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றே காலத்தை ஓட்டிவிட்டான்.

வெளியே இப்போலித்தோ தெருவை மறித்துப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே சாவென்றால் தெரு அடைபட்டுவிடும். யாரிடமும் கேட்பதில்லை. இந்தப் பக்கம் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு பீர்ப்பெட்டி, அவ்வளவுதான். மோட்டார் ரிக்ஷாக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்கள். நாற்காலிகள் வந்துவிட்டன. வருகிறவர்கள் மெல்லுவதற்குக் கோகா இலையும், சிகரெட்டும் தட்டில் வைத்தாயிற்று. தார்ப்பாய்தான் பத்தவில்லை. பெரியது வேறொரு சாவுக்குப் போயிருந்தது. இருந்த நீலத் தார்ப்பாய் பாதித் தெருவுக்குத்தான் வந்தது. மீதிப் பாதியில் விடிந்ததிலிருந்து விழுந்துகொண்டிருந்த மூடுபனித் தூறல் நாற்காலிகளை நனைத்தது. கடலோரத்துக்காரர்களுக்கு அது வெறும் ஈரக்காற்று. மலைமேல் அது கூரையிலிருந்து சொட்டும்.

மத்தியானம் எல்மெர் வந்தான். வாடகைக் காரின் மேலே ஒரு நீளமான சுருள் கட்டியிருந்தது. ஏதோ கம்பளம் வாங்கி வந்திருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நெலிடா மட்டும் பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள்.

அவன் உள்ளே போய்ப் பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. அழட்டும் என்று விட்டாள். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, வீட்டு முன்னாடி மாட்டலாம்" என்றான்.

"எதை?"

"அந்தப் படத்தை. மொத்த ஊரும் அதுக்கு முன்னாடிதான் நின்னுது. நான் எடுத்ததுலயே நல்ல படம் அதான். அவரு அதுக்குக் கீழ இருக்கணும்."

"கோட்டுப் போட்ட படம் எங்க?"

"என்ன?"

"கோட்டுப் போட்டு, டை கட்டி, இதே வாசல்ல நிக்க வச்சு எடுத்தியே. எங்க அது?"

எல்மெர் தரையைப் பார்த்தான். "அது நல்லா வரலக்கா. வெறப்பா நின்னாரு. அது அவரு இல்ல."

"அது அவரு இல்லையா." நெலிடாவின் குரல் உயரவில்லை. அதனாலேயே நாற்காலிகளில் பேச்சு நின்றது. "அவரு யாருன்னு நீ முடிவு பண்ணுவியா? டை கட்டிக்கிட்டு நிமிந்து நின்ன மனுசன் அவரு இல்ல. வாயப் பொளந்துட்டுக் கெடந்தவருதான் உனக்கு அப்பா."

"அக்கா, எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கட்டும். அன்னைக்கு எல்லாரும் பாத்தாங்கல்ல, இன்னைக்கு எல்லாரும் கேக்கட்டும். அந்த மனுசன் அன்னைக்கு வேன்ல பல்லைக் கழட்டினாரு. அதோட சரி. சாகற வரைக்கும் மாட்டல. கடைசியா எப்ப வந்து பாத்த நீ? உனக்கு இது தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவன் நாற்காலியில் உட்காரப் போய், அது நனைந்திருந்ததால் நின்றுகொண்டே இருந்தான்.

"சின்ன வயசுல நான் அப்பா தூங்கிப் பாத்ததே இல்லக்கா" என்றான் மெல்ல. "ராத்திரி சந்தைக்குப் போவாரு. நாம எந்திரிக்கும்போது செங்கல் அடுக்கப் போயிருப்பாரு. படம் எடுத்த அன்னைக்கு சந்தைல அப்படியே தூங்கிக் கெடந்தாரு. எனக்கு..."

"பாத்தா போர்வை போத்தணும்டா" என்றாள் நெலிடா. "படம் எடுக்கக் கூடாது."

கோகா மென்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். இப்போலித்தோ மட்டும், அவர் எப்போதும் அப்படித்தான், தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா நெலிடா, அந்தத் துணி தண்ணி தாங்குமா?"

நெலிடா சுருளைப் பார்த்தாள். நனைகிற நாற்காலிகளைப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ குளிர்ந்து, ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது.

"தாங்கும் அண்ணே. கோழிக்கடைத் துணிதானே. பந்தலுக்குப் போடுங்க."

"அக்கா," என்றான் எல்மெர்.

"நீயே கட்டுடா. மூலைக்கு மூலை ஓட்டை போட்டு நீயே கட்டு. மூஞ்சி மேல பாக்கட்டும்."

மலையில் பாதி வீட்டுக்குக் கூரை பழைய தேர்தல் பிளெக்ஸ்தான். கட்டுகிறவர்கள் எல்லோரும் படத்தை மேலே வைத்துத்தான் கட்டுவார்கள். எந்த வேட்பாளரின் பல்லைப் பார்த்துக்கொண்டு யார் சோறு தின்பது? கீழே இருப்பவர்களுக்கு வெள்ளை முதுகு, படம் வானத்துக்கு. அதுதான் இங்கே வழக்கம். நெலிடாவும் அதைத்தான் சொன்னாள்.

 எல்மெர் குனிந்து சுருளின் கட்டை அவிழ்த்தான். இப்போலித்தோ கொடுத்த ஆணியைச் சுட்டு ஓரத்தில் ஓட்டை போட்டான். கோணலாகக் கிழிந்தது. "இது கிழிஞ்சிரும் அக்கா, ஓரத்துல தையல் இல்ல" என்றான். "கிழியட்டும்" என்றாள். ஏணியில் ஏறி, மின்கம்பத்திலும் எதிர்வீட்டுக் கம்பிகளிலும் கயிற்றைச் சுற்றினான். நகரமெல்லாம் பாராட்டிய படம் நாற்காலிகளுக்கு மேலே வெள்ளையாக விரிந்தது. கிழவர்கள் நாற்காலியை நகர்த்தி அதன்கீழ் உட்கார்ந்துகொண்டு, "இப்பத்தான் ஒரு பந்தல் மாதிரி இருக்கு" என்றார்கள். எல்மெர் கையைத் துடைக்க எதுவும் கிடைக்காமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

நெலிடாவுக்கு அது போதவில்லை. இன்னும் எதையாவது சொல்ல வேண்டும் போல, அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கோழிச் சூப்புக்குப் பெரிய தவலை வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் போகிறேன் என்று படியேறினாள்.

பெரிய தவலை இருப்பது செனோபியா வீட்டில். மலைச்சரிவில் மஞ்சள் பெயின்ட் அடித்த படிக்கட்டு ஏறிப் போக வேண்டும். செனோபியா சந்தையில் மிளகாய் விற்றவள், அப்பாவின் பழைய கூட்டாளி, ஊர்வம்பு முழுக்க அவளிடம் கிடைக்கும். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படி இறங்குவதில்லை. நெலிடா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனபோது செனோபியா வாசலில் நாற்காலி போட்டு, கறுப்புச் சால்வையோடு, மடியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். துக்கவீட்டுக்கு வந்தவள் மாதிரியே சீவி முடித்திருந்தாள்.

"தவலைக்கு வந்தேன் செனோபியாம்மா."

"உள்ள இருக்கு, எடுத்துக்க. அடியில கொஞ்சம் கரி. தேய்ச்சுக்க." அவள் நெலிடாவைப் பார்க்கவில்லை. "நான் கீழ வர முடியலையேன்னு காலைலேர்ந்து ஒரே ஆத்திரமா இருந்துச்சுடி. உங்கப்பனைக் கடைசியா ஒருவாட்டி பாக்க முடியலையேன்னு. இப்படி ஏற்பாடு பண்ணுவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"என்ன ஏற்பாடு?"

செனோபியா தாடையால் கீழே காட்டினாள்.

நெலிடா அப்போதுதான் மலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இந்தச் சரிவில் இருக்கிறவள். ஒரு வீட்டுக் கூரை இன்னொரு வீட்டு வாசல் என்பது குழந்தைக்கும் தெரியும். கோபத்தில் அது அவளுக்கு மறந்துபோயிருந்தது. மேலே மேலே ஒவ்வொரு வாசலிலும், துணி காய்கிற ஒவ்வொரு மாடியிலும், ஆட்கள் நின்றிருந்தார்கள். சிலர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே சுட்டிக் காட்டினாள்.

கீழே, தெருவுக்கு மேலே, இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அத்தனை பேர் பார்க்க, அதே பனியனோடு, அதே வாயோடு. எதைத் தெருவில் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாளோ அதை மலை முழுக்கப் பார்க்கும்படி தானே கட்ட வைத்திருக்கிறாள். நெலிடாவுக்கு முகம் எரிந்தது. "ஏதாச்சும் போட்டு மூடச் சொல்றேன்" என்று படியை நோக்கித் திரும்பினாள்.

"எதுக்கு மூடணும்?"

"பல்லு இல்லாம..."

"உங்கப்பன் பல்லு வைக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு அவனத் தெரியும்டி" என்றாள் செனோபியா எரிச்சலாக. "மிளகா மூட்டைமேல ஏறிப் படுத்துட்டு எந்திரிக்கவே மாட்டான். வியாபாரம் கெட்டுப்போகுதுன்னு காலால எட்டி உதைப்பேன். இப்ப பாரு, யாரு போய் எழுப்புறது?" அவள் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளினாள். "கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்கிற."

நெலிடா தள்ளி நின்றாள். தம்பிமேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அதில் ஒரு பிடிகூடக் குறையவில்லை. உள்ளே போய்த் தவலையை எடுத்து வந்து இடுப்பில் வைத்துக்கொண்டு, போவதற்கு முன்னால் இன்னொரு முறை கீழே பார்த்தாள்.

தூறல் தண்ணீர் பிளெக்ஸின் நடுவில், பனியன் இருந்த இடத்தில், குளம்போலத் தேங்கித் துணி தொய்ந்திருந்தது. பந்தல் ஓரத்தில் எல்மெர் ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. வெள்ளைத் துணிக்கு அடியில் மறைந்தான். கீழே இருப்பவனுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஈரம் எங்கே கனக்கிறது என்று மட்டும் தெரியும். கட்டையால் அந்த இடத்தை மெதுவாக மேலே தள்ளினான்.

அப்பாவின் மார்பு உயர்ந்தது. தண்ணீர் வழிந்து, தோளைத் தாண்டி ஓரத்தில் கொட்டியது. மார்பு தாழ்ந்தது.

செனோபியாவின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டது.

நெலிடா தவலையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். இன்னொரு முறை உயருமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.